ஓட்டின் துவாரத்தை யார் அடைப்பார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

வானத்தில் நிகழும் காட்சிகளுள் கிரகணத்தைப் போல் மனிதனை அஞ்ச வைத்ததும் வேறில்லை. கிரகணத்தைப் போல் அவனைக் கணக்குப் போட வைத்ததும் வேறில்லை. அச்சமும் அறிவும் ஒரே நிழலில் பிறந்த இரட்டைக் குழந்தைகள். நம் நாட்டில் கணக்கு நன்றாகவே வளர்ந்தது. அச்சமும் அதற்குக் குறையாமல் வளர்ந்தது. ஒரே வீட்டில் இவ்விரண்டும் சண்டையின்றி எப்படி வாழ்கின்றன? பட்டப்படிப்புப் படிக்கும் நாம் இதில் யார் பக்கம்? இவ்விரு வினாக்களுமே என்னை எழுதத் தூண்டின.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26, வியாழக்கிழமை. அரையாண்டு விடுமுறை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கரூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் எங்களுடையது ஓட்டு வீடு. அன்று காலை கங்கண சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நிழல் செல்லும் பாதை நம் மாவட்டங்களின் மேலேயே விழுந்தது. அதைக் காண எங்கெங்கிருந்தோ ஆர்வலர்கள் வந்து காத்திருந்தார்கள். பாதையின் மேலேயே குடியிருந்த நாங்களோ கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டோம். தெருவில் ஓர் ஆள் இல்லை. அடுப்பில் நெருப்பு இல்லை. "வெளியே தலை காட்டினால் காலை ஒடிப்பேன்" என்று அப்பாயி சொல்லியிருந்தார்.

எங்கள் கூரையில் ஓர் ஓடு மூளியாகி ஒரு சிறு துவாரம் உண்டு. நாள்தோறும் அதன் வழியே சிமெண்டுத் தரையில் வட்டக் காசு போல வெயில் விழும். அன்று எட்டு மணிக்கு மேல் அந்தக் காசின் ஓரத்தை யாரோ கடித்தது போல் இருந்தது. நேரம் ஆக ஆக வட்டம் பிறையாயிற்று. பிறை மெலிந்துகொண்டே வந்து, ஒன்பதரை மணி அளவில் ஒரு வளையலாயிற்று! நான் கத்திவிட்டேன். அப்பாயி ஓடி வந்து பார்த்தார். தரையில் கிடந்த ஒளியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். சாக்கின் மேலும் வளையல் விழுந்தது.

அன்று அதன் காரணம் எனக்குத் தெரியாது. ஒளி நேர்கோட்டில் செல்வதால் சிறு துளையொன்று சூரியனின் உருவத்தையே தரையில் வரைந்து காட்டும் என்பதைப் பின்னரே படித்தேன். கதவை அடைத்தவர்கள் ஓட்டின் துவாரத்தை அடைக்கவில்லை. நான் இயற்பியல் படிக்க வந்தது அந்தத் துவாரத்தின் வழியாகத்தான்.

தேங்காயும் எலுமிச்சையும்

கிரகணம் என்பது என்ன? நிழல் விளையாட்டு, அவ்வளவே. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வந்து அதன் நிழல் நம் மேல் விழுந்தால் சூரிய கிரகணம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி நின்று நம் நிழல் சந்திரன் மேல் விழுந்தால் சந்திர கிரகணம். ஆகவே முன்னது அமாவாசையில்தான் நிகழும். பின்னது பௌர்ணமியில்தான் நிகழும்.

அப்படியானால் ஒவ்வோர் அமாவாசையும் பௌர்ணமியும் ஏன் கிரகணமாக இல்லை? இதற்கு விடை சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு தேங்காயைப் பூமி என்று கொள்வோம். ஓர் எலுமிச்சம்பழம் சந்திரன். இரண்டுக்கும் இடையே முப்பது தேங்காய்களை வரிசையாக வைக்கும் தூரம் வேண்டும். அதாவது ஓர் அறையின் நீளம், மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். இந்தக் கணக்கில் சூரியன் பதின்மூன்று மீட்டர் அகலமுள்ள பேருருண்டை. அது நிற்பது 1.4 கிலோமீட்டருக்கு அப்பால்! எலுமிச்சை தேங்காயைச் சுற்றி வரும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறக்குறைய ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. அறையின் நீளத்தில் ஐந்து பாகை என்பது ஓர் அடி. அந்தத் தூரத்தில் தேங்காயின் கரிய நிழலோ நான்கு விரற்கடைக்கு மேல் அகலமில்லை. எனவே பெரும்பாலான மாதங்களில் எலுமிச்சை நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்கு அருகில் அமாவாசையோ பௌர்ணமியோ நேரும்போதுதான் கிரகணம் உண்டாகிறது. அந்த இரண்டு வெட்டுப் புள்ளிகளுக்கு நம் சோதிடர்கள் வைத்த பெயர்கள்தாம் ராகு, கேது. பாம்பும் இல்லை, விஷமும் இல்லை, இரண்டே புள்ளிகள்.

சூரியனின் விட்டம் சந்திரனின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு. சூரியன் இருக்கும் தூரமும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆதலால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றுகின்றன. சந்திரன் அருகில் வரும்போது சூரியனை முழுதும் மறைக்கிறது. தொலைவில் இருக்கும்போது முழுதும் மறைக்க இயலாமல் ஓரத்தில் ஒளிவளையத்தை விட்டுவைக்கிறது. அன்று எங்கள் சாக்கின் மேல் விழுந்த வளையல் அதுதான்.

கணக்கு இருந்தது, காரணம் எங்கே?

இவை மேல்நாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தன என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. கி.பி. 499-ஐ ஒட்டி ஆர்யபட்டர் இயற்றிய ஆர்யபட்டீயத்திலேயே, சூரியனை மறைப்பது சந்திரன், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல் என்ற விளக்கம் இருக்கிறது. பிறகென்ன? திருவள்ளுவர் காலத்திலிருந்து நம் இலக்கியத்தில் நிலவைக் கவ்வும் பாம்பும் உவமையாக இருக்கிறது. உவமையைக் குறை சொல்ல மாட்டேன். உவமைக்குப் பயந்து கதவைச் சாத்துவதைத்தான் குறை சொல்கிறேன்.

இன்னொரு செய்தி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. ஜான் வாரன் என்னும் அதிகாரி 1825-இல் 'காலசங்கலிதா' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அந்தக் கணிதர் எழுதுகோல் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லியே அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடமே! முடிவு நேரத்தில் பிழை ஐம்பது நிமிடத்தை எட்டியது என்றாலும், சோழிகளைக் கொண்டு இவ்வளவு செய்த அந்தத் தமிழரை எண்ணி என் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அவருக்கு அந்தக் கணக்கின் பின்னாலிருந்த தத்துவம் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் குறித்திருக்கிறார். வாய்பாடு வந்தது, வானம் வரவில்லை.

இதைப் படித்தபோது அந்தக் கணிதர் மேல் எனக்குக் குறை தோன்றவில்லை. என்னையே கண்ணாடியில் பார்த்தது போல் இருந்தது. கருநிழல், புறநிழல் என்று பெயரெழுதி, வட்டம் வரைந்து, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். அந்தப் படத்தை என்றைக்காவது வீட்டுக்குக் கொண்டு போனேனா? இல்லை. கிரகணம் தொடங்குவதை நிமிடக் கணக்கோடு அச்சிடும் அதே பஞ்சாங்கப் பக்கத்தில் எந்தெந்த நட்சத்திரக்காரர் பரிகாரம் செய்ய வேண்டும் என்ற பட்டியலும் இருக்கிறது. என் தலைக்குள்ளும் அப்படித்தான் இரண்டும் இருந்தன. பாடம் கல்லூரியில், பயம் வீட்டில்.

நம் மண்ணிலேயே கிரகணத்தை ஆராய்ச்சிக்கு வாய்ப்பாகக் கண்டவர்களும் இருந்தார்கள். 1868 ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணத்தைக் காண ஜான்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்னும் நம்மவர் வனபர்த்தியில் அதைக் கண்டு குறிப்பெடுத்தார். அவ்வாண்டில் சூரிய ஒளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற தனிமத்தை உலகுக்கு அறிவித்தது. பூமியில் அது கிடைத்ததோ 1895-இல்தான். கதவைத் திறந்து வைத்தவர்கள் ஒரு தனிமத்தையே கண்டுகொண்டார்கள்.

அந்த இரவு

"சில மணி நேரம் வீட்டுக்குள் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? பெரியவர்கள் சொன்னால் கேட்டுவிட்டுப் போவதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவள்தான். 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த எண்ணத்தை மாற்றிற்று.

அன்று முழுச் சந்திர கிரகணம். இரவு 9.57-க்குத் தொடங்கி, 11.01 முதல் 12.22 வரை முழு மறைப்பாக இருந்து, 1.26-க்கு விட்டது. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அக்காளுக்கு அப்போது எட்டாம் மாதம். மாலை ஐந்தரைக்கே சோறு போட்டார்கள். பிறகு உள்ளறையில் படுக்க வைத்துச் சன்னலைப் போர்வையால் மறைத்தார்கள். துணைக்கு நான். "விடுகிற வரைக்கும் தண்ணிகூடக் கூடாது" என்றார் அப்பாயி. கூடத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் நீர் ஊற்றி, அதில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தினார். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை நிற்கும், விட்டதும் சாயும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

பத்து மணிக்கு அக்காள் தண்ணீர் கேட்டாள். காற்றில்லாத அறை. வியர்த்துக் கொட்டியது. தலை சுற்றுகிறது என்றாள். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் வெளியே வந்து, "இதெல்லாம் மூடத்தனம், நிழல் விழுவதற்கு இவளுக்கு ஏன் தண்டனை?" என்று கூச்சலிட்டேன். அப்பாயி கோபப்படவில்லை. "படிச்சவ நீ. பெத்தவ நான்" என்றார். பிறகு ஒரு கதை சொன்னார்.

அவருடைய தங்கைக்கு உதடு பிளந்த குழந்தை பிறந்ததாம். கிரகணத்தன்று கத்தரிக்காய் நறுக்கினாள், அதனால்தான் பிள்ளை மூளியாயிற்று என்று ஊரே சொல்லிற்றாம். மாமியார் சொன்னார், கணவர் சொன்னார், கடைசியில் அவரே நம்பிவிட்டார். கண் மூடும் வரை தன் வலக்கையைப் பார்த்துப் பார்த்து அழுதாராம். "அந்தப் பழி இவளுக்கு வரக்கூடாது கண்ணு" என்றார் அப்பாயி.

நான் ஊமையாகிவிட்டேன். மூடத்தனம் என்று நான் ஏசியதற்குள் இவ்வளவு துயரம் இருந்தது எனக்குத் தெரியாது. அப்பாயி தண்ணீரை மறுத்தது கல் நெஞ்சத்தால் அன்று, பாசத்தால். அந்தப் பாசத்துக்குத்தான் பொய்யான ஒரு காரணத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது நம் சமுதாயம்.

பிறகு மெதுவாகச் சொன்னேன். கருவின் உதடு கூடுவது நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். தாய்க்கே கரு தரித்தது சரியாகத் தெரியாத நாட்கள் அவை. எட்டாம் மாதத்தில் உதடு என்றோ முடிந்த வேலை. பரம்பரைக் கூறுகளாலும் வேறு உடற்காரணங்களாலும் உதடு பிளக்கிறது, நிழலால் அன்று. கிரகணம் தெரியாத நாடுகளிலும், கிரகணம் இல்லாத மாதங்களிலும் அத்தகைய குழந்தைகள் பிறக்கிறார்கள். 2024 ஏப்ரல் 8-இல் மெக்சிகோ, அமெரிக்கா, கனடா நாடுகளின் மேல் முழுச் சூரிய கிரகணம் சென்றபோது இலட்சக்கணக்கானோர் வெட்டவெளியில் நின்று பார்த்தார்கள். அவர்களுள் கருவுற்ற தாய்மாரும் இருந்திருப்பார்கள் அல்லவா? "உங்கள் தங்கச்சி கை ஒரு தப்பும் செய்யவில்லை அப்பாயி" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

பூசை மாடத்துத் தேங்காயையும் எலுமிச்சையையும் எடுத்தேன். டார்ச் விளக்கை அடித்து, தேங்காயின் நிழலுக்குள் எலுமிச்சையைக் கொண்டு போய்க் காட்டினேன். அப்பாயி இருமுறை செய்யச் சொன்னார். மூன்றாம் முறை அவரே கையில் வாங்கிச் செய்தார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. "வாங்க அப்பாயி, வானத்தில் அதே எலுமிச்சைதான்" என்று வாசலுக்கு அழைத்தேன். வந்தார்! எழுபது வயதைத் தாண்டி முதல் முறையாகக் கிரகணத்தை ஏறெடுத்துப் பார்த்தார். மேகம் விலகி மூடி விலகியது. நிலா செக்கச் செவேலென்று இருந்தது. பூமியைச் சுற்றியுள்ள காற்று, சூரிய ஒளியின் நீலத்தைச் சிதறடித்துச் சிவப்பை மட்டும் வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. அதனால் அந்த நிறம். உலகின் அத்தனை விடியல்களும் அந்திகளும் ஒன்றுகூடி அந்த நிலவின் மேல் விழுகின்றன என்றேன். "தேய்ச்சு வச்ச செப்புத் தவலை மாதிரி இருக்குது" என்றார் அப்பாயி. உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரில் அருகம்புல் ஒன்றைக் கிள்ளிப் போட்டு அக்காளுக்குக் கொடுத்தார். அந்தப் புல்லை நான் எடுத்துப் போடவில்லை. தண்ணீர் உள்ளே போயிற்று, அது போதும்.

1.26-க்குக் கிரகணம் விட்டது. உலக்கை சாயவில்லை. இரண்டு மணிக்கும் சாயவில்லை. காலையில் கோலம் போட எழுந்த அப்பாயி, சூரிய வெளிச்சத்தில் அது கம்பீரமாக நிற்பதைக் கண்டார். அடிப்பூண் சமமாக இருந்து, ஈர்ப்பு மையத்திலிருந்து விழும் செங்குத்துக் கோடு அந்த அடிக்குள் இருக்குமானால், உலக்கை எந்த நாளிலும் நிற்கும். இதை நான் சொல்லவே இல்லை. உலக்கையே சொல்லிவிட்டது.

அக்டோபர் இறுதியில் அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நலமாக இருக்கிறது. இதை நான் சான்றாகக் காட்டவில்லை. ஒரு குழந்தையை வைத்து ஒரு விதியை நிறுவுவது விஞ்ஞானம் ஆகாது. ஒருவேளை உதடு பிளந்து பிறந்திருந்தாலும் நான் எழுதுவது இதையேதான்: அது அவள் குடித்த தண்ணீராலும் அன்று, பார்த்த நிலவாலும் அன்று. அறுவை மருத்துவத்தால் சீர்செய்யக் கூடிய குறை அது. தாயின் மேல் சுமத்திய பழியைச் சீர்செய்யத்தான் மருத்துவம் இல்லை.

நாம் செய்ய வேண்டுவது

மாணவத் தோழர்களே! தோழியரே! முன்னோர் சொன்ன அனைத்தும் பொய் என்று நான் வாதிடவில்லை. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பது முற்றிலும் உண்மை. விழித்திரை கருகும், வலி தெரியாமலே பார்வை போகும். தகுந்த வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். இல்லையேல் ஓட்டின் துவாரமோ வேப்பமர நிழலோ போதும். சந்திர கிரகணத்துக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. எவ்வளவு நேரமும் பார்க்கலாம். உண்மையான எச்சரிக்கையைப் பொய்யான எச்சரிக்கையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் படித்தவரின் கடமை. இரண்டையும் சேர்த்து ஏற்பதும் சோம்பல். இரண்டையும் சேர்த்து எள்ளுவதும் சோம்பல்.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள். நமக்கு முன்னால் இந்தப் படத்தை வீட்டில் விளக்க ஒருவர் இருந்ததில்லை. நாமும் விளக்காமல் போனால், வாய்பாடு மட்டும் தெரிந்த அந்தப் பழைய கணிதருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவருக்காவது சோழிகள் இருந்தன! மேடையேறி மூடநம்பிக்கையைச் சாடுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். தன் வீட்டுக் கூடத்தில், தன் பாட்டியின் முன்னால், பொறுமையோடு ஒரு தேங்காயைக் கையில் எடுப்பதுதான் கடினம். ஏசினால் கதவு இன்னும் இறுகச் சாத்தப்படும். காட்டினால்தான் திறக்கும்.

2031 மே 21-இல் மீண்டும் ஒரு கங்கண சூரிய கிரகணம் தமிழகத்தைக் கடக்கிறது. கொச்சி, தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் என்று அதன் பாதை செல்கிறது. அப்போது நம்மில் சிலர் ஆசிரியர்களாக இருப்போம். சிலர் தாய் தந்தையராக இருப்போம். அன்றைக்கு ஏதேனும் ஒரு தெருவில், ஏதேனும் ஒரு கர்ப்பிணிப் பெண் தாகத்தோடு இருட்டறையில் கிடந்தால், அந்தப் பழி சந்திரனைச் சேராது, நம்மைச் சேரும்.

எங்கள் வீட்டில் அந்த ஓட்டை மாற்றிவிடலாம் என்று அண்மையில் அப்பா சொன்னார். அப்பாயிதான் தடுத்துவிட்டார். "இருக்கட்டும். அடுத்த கிரகணத்துக்குக் கொள்ளுப்பேத்தி பார்க்கணும்" என்றார்.